இரண்டு இடம் காலி

கூலாய், ஜொகூர்
12 பிப்ரவரி 2023

அன்புள்ள அக்காவுக்கு,

சேது எழுதுகிறேன். உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்திருந்தால் அதற்கே நன்றி. உன் உடம்பு எப்படி இருக்கிறது? முட்டி வலி இன்னும் இருக்கிறதா?

தைப்பூசத்தன்று இங்கே கோயிலில் தேவனைப் பார்த்தேன். நம் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணியின் மகன் தேவன்தான். நீ தோட்டத்தை விட்டு வந்து டவுனில் வீடு வாங்கிவிட்டாய், கிளினிக் வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டாய் என்றான். விலாசம் கொடுத்தான். போன் நம்பரும் தருகிறேன் என்றான். நான்தான் வேண்டாமென்றேன். பதினாறு வருஷம் கழித்து ஹலோ என்று சொல்லிவிட்டு அடுத்து என்ன சொல்வது?

மாலா போய் இரண்டு வருஷம் ஆகிறது. கோவிட் சமயம். யாருக்கும் சொல்லி அனுப்ப முடியவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். நான் லோரி ஓட்டுவதை விட்டுவிட்டு ஒரு தொழிற்சாலையில் கேட்டைக் காக்கும் ஜாகா வேலை பார்க்கிறேன். தங்குவதற்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள்.

வயது ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது. வேலை முடிந்ததும் கோலசிலாங்கூர் பக்கமே வந்துவிடலாமா என்று ஒரு யோசனை. உன் வீட்டுக்கு இல்லை அக்கா, பயப்படாதே. தனியாக ஓர் அறை எடுத்துக்கொள்வேன். ஊர் இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதினால் போதும். கீழே இருப்பது தொழிற்சாலை கேட் போனின் நம்பர். பகலில் நான்தான் எடுப்பேன்.

உன் தம்பி
சேது

~

கோலசிலாங்கூர்
3 மார்ச் 2023

சேதுவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன். முட்டி அப்படியேதான்.

மாலா விஷயம் படித்தேன். உன் கல்யாணத்துக்கு வந்தபோது ஒரு தடவைதான் அவளோடு பேசினேன். சாப்பிட்டீங்களா அண்ணி என்று என்னிடம் நான்கு தடவை கேட்டாள்.

அப்பாவின் காரியத்துக்கு மூன்றாம் நாள் வந்து நம் லயத்து வீட்டு வாசலில் நின்றாய். அப்போது உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ஒம்போது வருசமா எங்கடா இருந்த?" என்று. நீ திரும்பிப் போய்விட்டாய். இந்தக் கடிதத்திலும் அதற்குப் பதில் இல்லை.

ஊர் ஊராகத்தான் இருக்கிறது. உனக்கு என்ன தெரிய வேண்டும் என்று தெளிவாக எழுது.

தங்கமணி

~

கூலாய்
14 மார்ச் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்து மாறவே இல்லை. முட்டிக்கு மருந்து போடுகிறாயா? நான் சுகம்தான்.

தெளிவாக எழுதச் சொன்னாய். கேட்கிறேன். டவுனுக்குள் பஸ் ஓடுகிறதா? காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு? கிளினிக் இன்னும் பழைய இடத்திலா? பெரிய ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம்? தண்ணீர் அடிக்கடி நிற்குமா? கீழ்த்தளத்தில் வாடகைக்கு அறை கிடைக்குமா? படியேற எனக்கு இப்போதெல்லாம் சோம்பலாக இருக்கிறது. நூலகத்தில் தமிழ்ப் பேப்பர் போடுகிறார்களா?

இன்னொன்று. என்னோடு வேலை பார்க்கும் பவனேஷ் என்பவருக்குக் கிட்னி போய்விட்டது. அவரும் அந்தப் பக்கம் வர நினைக்கிறார். இரத்தம் சுத்தம் செய்யும் சென்டர் ஊரில் இருக்கிறதா, அதில் இடம் கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார்.

உன் கேள்விக்குப் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன் அக்கா. இன்னும் வரவில்லை. வரும்.

சேது

~

கோலசிலாங்கூர்
9 ஏப்ரல் 2023

தம்பி சேதுவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காய்ச்சல் இல்லை, ஒன்றுமில்லை. சும்மாதான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கிளினிக் பழைய இடத்தில் இல்லை. புதுக் கட்டடம், நம்பர் கூப்பிடும் மெஷின் எல்லாம் உண்டு. கூட்டம்தான் குறையவில்லை. காலையில் ஏழு மணிக்கு முன்னால் போனால் பதினோரு மணிக்கு வெளியே வரலாம். பெரிய ஆஸ்பத்திரி தஞ்சோங் காராங்கில். டவுனுக்குள் ஓசி பஸ் ஓடுகிறது, சிவப்பு நிறம். தண்ணீர் நிற்பதென்றால் முதல் நாளே போனில் செய்தி வந்துவிடும். நான் எப்போதும் மூன்று பெரிய தோம்பில் பிடித்து வைத்திருப்பேன். குப்பை லோரி வாரம் மூன்று நாள். ஒரு மலாய்க்காரப் பையன் பின்னால் தொங்கிக்கொண்டு வருவான், என்னைப் பார்த்தால் "ஆச்சி" என்பான். யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

நெல் அறுப்புக் காலத்தில் இந்த ஊரில் அவசரம் என்று ஒன்றும் செய்ய முடியாது. அறுவடை மெஷினை ஏற்றிக்கொண்டு லோரி ரோட்டை அடைத்துக்கொண்டு போகும். ஆம்புலன்ஸ்கூட அதன் பின்னால்தான். எண்ணெய்க்கு எடுக்கும் செம்பனைக் குலை லோரிகள் வேறு. அசாம் ஜாவா சந்திப்பில் இப்போது ஹைவே வந்துவிட்டது. நாம் சைக்கிளில் விழுந்த இடத்தில் டோல் சாவடிக்குப் போகும் பாதை.

நூலகத்தில் தமிழ்ப் பேப்பர் ஒன்று வருகிறது. படிப்பவர்கள் மூன்று பேர். மத்தியானம் ஏசி குளிருக்காக உள்ளே வந்து தூங்குகிறவர்கள் பத்துப் பேர். பக்கத்து வீட்டு நர்ஸ், மிஸி தனேஸ்வரி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போவாள்.

உனக்கு இந்த ஊர் சரிப்பட்டு வருமா என்று தெரியவில்லை. யோசித்துச் செய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

~

கூலாய்
20 ஏப்ரல் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அந்தக் குப்பை லோரிப் பையனை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பவனேஷ் கேட்டதற்கு நீ எழுத மறந்துவிட்டாய். அவருக்குக் கொஞ்சம் அவசரம்.

சேது

~

கோலசிலாங்கூர்
2 மே 2023

தம்பி சேதுவுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் நண்பர் விஷயம். சென்டர் ஒன்று இருக்கிறது. விசாரித்தேன். இடம் இல்லை. நாற்பது பேர் காத்திருக்கிறார்களாம். இப்போது பெயர் கொடுத்தாலும் இரண்டு வருஷம் ஆகும். அதுவும் மாடியில் இருக்கிறது. பஸ்ஸை நம்பியும் போக முடியாது, வந்தால் வரும். கீழ்த்தளத்தில் வாடகை அறையும் கிடைப்பதில்லை.

அங்கே ஜொகூரில் வசதி அதிகம். அவரை அங்கேயே இருக்கச் சொல். அதுதான் அவருக்கு நல்லது.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது.

தங்கமணி

~

கூலாய்
18 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. மன்னித்துக்கொள். உன் முட்டி முன்பைவிட மோசமாக இருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? பார்த்தேன்.

எட்டாம் தேதி வியாழக்கிழமை நான் கோலசிலாங்கூர் வந்திருந்தேன். முந்தின நாள் கோலாலம்பூரில் பழைய லோரிக் கூட்டாளி வீட்டில் தங்கிவிட்டு, காலை பஸ்ஸில் பத்து மணிக்கெல்லாம் வந்து இறங்கிவிட்டேன். நீ எழுதிய ஊர் அப்படியே இருந்தது. பசாரில் மீன் வாங்குகிற கூட்டம், வயல் மருந்து விற்கிற கடையில் மூட்டை ஏற்றுகிற லோரி. நூலகத்தில் அரை மணி உட்கார்ந்தேன். தூங்குகிறவர்களை எண்ணினேன், பதினொரு பேர். சிவப்பு பஸ் இருபது நிமிஷத்துக்கு ஒன்று சரியாக வந்தது.

சென்டர் மாடியில் இல்லை அக்கா. கீழ்க்கடை வரிசையில் இருக்கிறது. சக்கர நாற்காலி ஏற சரிவு கட்டியிருக்கிறார்கள். கவுண்டரில் கங்கா என்று ஒரு பெண் இருந்தது. இடம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ரெண்டு இடம் காலி அங்கிள். திங்க, புதன், வெள்ளி, காலைல. யாருக்கு?"

"பிரெண்டுக்குமா."

அது என் இடது கையைப் பார்த்தது. ஊசி குத்தி குத்திப் புடைத்த நரம்பை நான் சட்டைக்குள் இழுத்துவிடுவதற்குள் பார்த்துவிட்டது.

"பிரெண்டு வந்திருக்காரு போல," என்று சிரித்தது. "பேர் எழுதிக் குடுக்குற பாரம் எடுத்துட்டுப் போங்க அங்கிள். காத்திருக்கல்லாம் வேணாம். அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம் லா."

படிவத்தை வாங்கிக்கொண்டேன்.

பிறகு உன் வீடு இருக்கும் தாமானுக்குப் பஸ் ஏறினேன். உன் வீட்டுக்கு எதிரேயே பஸ் நிற்கிறது என்று நீ எழுதவில்லை. நீ வாசலில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு கால்வாய் கழுவிக்கொண்டிருந்தாய். இரண்டடி நகர கேட்டைப் பிடித்துக்கொண்டாய். முடி முழுவதும் வெள்ளை. நீலக் கைலி. நான் எதிர்ப்பக்கம் நின்றேன். நீ ஒரு தடவை நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தாய். தொப்பி போட்ட கிழவனை யாரென்று பார்ப்பாய்?

அடுத்த பஸ் வந்தது. டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "பாக்சிக், நாயெக் தாக்?" ஏறுகிறீர்களா இல்லையா என்று கேட்டான். ஏறிவிட்டேன். மறுநாள் காலை எனக்கு இங்கே மெஷின் இருந்தது.

பவனேஷ் என்று யாருமில்லை. உனக்கு அது தெரியும்.

உன் மேல் எனக்குக் கோபமில்லை. இதைத்தான் எழுத வந்தேன். மற்றதெல்லாம் எப்படியோ வந்துவிட்டது.

சேது

~

கோலசிலாங்கூர்
24 ஜூன் 2023

சேது,

உன் கடிதம் நேற்று வந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

எனக்குத் தெரியும். மார்ச்சில் நீ முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாய், படியேற முடியவில்லை என்றாய், அதே கடிதத்தில் நண்பருக்குக் கிட்னி போய்விட்டது என்றாய். முப்பத்தொரு வருஷம் கிளினிக்கில் இருந்தவளுக்கு அது போதாதா? அன்றே தனேஸ்வரியோடு போய் சென்டரில் விசாரித்தேன். இரண்டு இடம் காலி என்று என்னிடமும் அதே பெண்தான் சொன்னது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் உனக்குக் குப்பை லோரியைப் பற்றி எழுதினேன்.

மே மாதம் எழுதிய பொய்யை உறையில் போட்டு ஒட்டி, டிவி மேல் மூன்று நாள் வைத்திருந்தேன். நான்காம் நாள் நானே தபால் நிலையத்துக்கு நடந்துபோய்ப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை.

காரணம் சொன்னால் காரணம்போல் இருக்காது. ஆனாலும் சொல்கிறேன். படுக்கையில் கிடந்த அப்பாவை ஒன்பது வருஷம் புரட்டிப் போட்டேன். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, மத்தியானம் ஓடிவந்து ஒரு தடவை. பெண் கேட்டு உலு யாமிலிருந்து வந்தார்கள், நல்ல மனிதர்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன், அதன் பிறகு வரவில்லை. அப்பா போன பிறகு ஒரு வருஷம் நான் எதற்கும் அழவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. உன் கடிதம் வந்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: மறுபடியும் முடியாது.

நீ தனி அறை என்றுதான் எழுதினாய். உடம்பு விழுந்தால் தனி அறை எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாதா?

எதிரே நின்றாயே, கூப்பிட்டிருக்கக் கூடாதா? "அக்கா" என்று ஒரு சத்தம். குழாயை அப்படியே போட்டுவிட்டு வந்திருப்பேன்.

வந்துவிடு. முன்னறை காலியாக இருக்கிறது, கீழ்த்தளம்தான். இன்று காலை கங்காவிடம் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். வந்துவிடு.

அக்கா

~

கோலசிலாங்கூர்
30 ஜூலை 2023

அன்புத் தம்பிக்கு,

ஐந்து வாரம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. நீ கொடுத்த கேட் நம்பருக்குப் போன் செய்தேன். வேறு யாரோ எடுத்தான், நேப்பாளிப் பையன். "அங்கள் சுடா பெர்ஹெந்தி," வேலையை விட்டுப் போய்விட்டார் என்றான். எங்கே என்று கேட்டால் தெரியவில்லை. கடிதம் வந்தால் கொடுத்து அனுப்ப ஆள் இருக்கிறது என்று மட்டும் சொன்னான். தேவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டில் ஒரு இடம் போய்விட்டது. பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து ஒரு மீனவர், இதுவரை வாரம் மூன்று தடவை அறுபது கிலோமீட்டர் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தவராம். இன்னொன்றைக் கங்கா பிடித்து வைத்திருக்கிறது. "ஆன்ட்டி, எத்தன நாளைக்கு? பெரிய மேடம் கேக்குறாங்க," என்கிறது. இந்த மாதக் கடைசி, இந்த மாதக் கடைசி என்று இரண்டு தடவை தவணை வாங்கிவிட்டேன்.

பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் வாசலுக்குப் போகிறேன். தொப்பி போட்ட எல்லாரையும் பார்க்கிறேன்.

கோபமாக இருந்தால் கோபமாகவே ஒரு வரி எழுது.

அக்கா

~

கூலாய்
15 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் நேற்று ஒன்றாகக் கிடைத்தன. நான் உயிரோடுதான் இருக்கிறேன். நெஞ்சில் தண்ணீர் கோத்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இப்போது தேவலை. வேலை போய்விட்டது, அறையும் போய்விட்டது. இங்கே ஒரு மலாய்க் கம்பத்தில், கிராமம்தான், மாக் சித்தி என்கிற அம்மாள் வீட்டின் பின்னறையில் இருக்கிறேன். அவர் மகனுக்கு நான்தான் லோரி ஓட்டப் பழக்கினேன். மெஷினுக்கு அவன்தான் கொண்டுபோய் விடுகிறான். நீ கவலைப்படாதே.

நீ வாசலில் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். அப்பா படுக்கையில் விழுந்தபோது இரண்டு நாள் வந்திருந்தேனே, நினைவிருக்கிறதா? இரண்டாம் நாள் நீ வேலைக்குப் போயிருந்தாய். அப்பா படுக்கையிலேயே மலம் போய்விட்டார். நான் துணியையும் பேசினையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என்னால் முடியவில்லை அக்கா. பேசினைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய், நீ வரும்வரைக்கும் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணி நேரம். அவர் அப்படியே கிடந்தார். நீ வந்து பார்த்தாய். வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனாய். அன்று மாலை பஸ் ஏறினேன். ஒன்பது வருஷமும் நான் அந்த மரத்தடியில்தான் இருந்தேன் என்று வைத்துக்கொள்.

வரச் சொன்னாய். வரச் சொன்னதே எனக்குப் போதும் என்று பொய் சொல்லமாட்டேன். வர ஆசைதான். ஆனால் வரமாட்டேன். வந்தால் நீ என்னை நன்றாகப் பார்த்துக்கொள்வாய். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் முட்டியைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். அப்பாவைத் தூக்காதவன், என்னைத் தூக்கு என்று உன்னிடம் சொல்லக் கூடாது.

மே மாதம் நீ எழுதியது சரிதான். அதை நீ பொய்யாக எழுதாமல், முடியாது சேது என்று எழுதியிருக்கலாம். நானும் நண்பருக்கு என்று கேட்காமல் எனக்கு என்று கேட்டிருக்கலாம். நம் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் நேரே கேட்டதில்லை.

அந்த இடத்தை விட்டுவிடச் சொல். தூரத்திலிருந்து போகிறவர்கள் யாராவது இருப்பார்கள்.

முட்டிக்கு ஒத்தடம் கொடு. கால்வாயை வேறு யாரையாவது கழுவச் சொல்.

உன் தம்பி
சேது

~

கோலசிலாங்கூர்
10 செப்டம்பர் 2023

அன்புத் தம்பி சேதுவுக்கு,

கூலாயில் உன்னைப் பார்த்துவிட்டுப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் முட்டி கொஞ்சம் மரத்துப் போனது, வேறொன்றுமில்லை. மாக் சித்தி கட்டிக்கொடுத்த நாசி லெமாக்கை வழியில் சாப்பிட்டேன். அவருக்கு என் நன்றியைச் சொல். என் மலாய் அவருக்குப் புரிந்ததோ என்னவோ.

நீ சொன்னபடி இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன். நம் பழைய தோட்டத்துக் காளியம்மாவுக்குப் போயிருக்கிறது. அவர் இதுவரை ரவாங்குக்குப் போய்வந்துகொண்டிருந்தாராம். கங்கா உன்னை விசாரித்தது. "அங்கிள் வரலையா ஆன்ட்டி?" என்றது. வரவில்லை என்று சொன்னேன்.  

மூன்று நாள் உன்னோடு இருந்தேன். பேச எவ்வளவோ வைத்திருந்தேன். மழை, மீன் விலை, தேவனின் மகள் கல்யாணம் என்று பேசிவிட்டு வந்துவிட்டேன். நீயும் அப்படியேதான். அதனால் இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மெஷினில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அரை மணியில் நீ தூங்கிவிட்டாய். வாயைத் திறந்துகொண்டு, சின்ன வயதில் தூங்குவதுபோலவே. உன் இரத்தம் குழாயில் போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கட்டில் சீனக் கிழவர் உனக்கு ஒரு பிஸ்கட் எடுத்து வைத்திருந்தார். மிஸி வந்து உன் போர்வையை இழுத்துவிட்டது. நீ அந்த ஊரில் தனியாக இல்லை. சந்தோஷப்பட வேண்டியது. ஆனால் என்னால் முடியவில்லை. நான் செய்ய மாட்டேன் என்று சொன்னதையெல்லாம் அங்கே யார் யாரோ செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த மிஸி என்னிடம், "நீங்க யாரு?" என்று கேட்டது. அக்கா என்றேன். அது ஆச்சரியப்பட்டது. "அவருக்கு யாரும் இல்லைன்னு நெனச்சோமே. பாரத்துல அந்த எடத்துல கோடு போட்டிருக்காரே," என்றது. எடுத்தும் காட்டியது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிற இடம். பெயர், உறவு, இரண்டிலும் நீ குறுக்கே கோடு இழுத்திருந்தாய்.

பாரத்தைப் புதுப்பித்த தேதியைப் பார்த்தேன். மே பத்தொன்பது. இடம் இல்லை என்று நான் எழுதிய கடிதம் உனக்குக் கிடைத்த பிறகு.

மிஸியிடம் பேனா கேட்டு வாங்கினேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன் கோட்டுக்கு மேலே, சின்ன எழுத்தில், தங்கமணி என்று எழுதினேன். உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன். கோட்டின் மேல் எழுதியதில் அவ்வளவு நன்றாக வரவில்லை.

உன்னைக் கேட்காமல் எழுதிவிட்டேன். வேண்டாமென்றால் அடித்துவிடு.

அக்கா